இரவற் சென்ற நூல்

நம் கல்லூரி அன்னையின் விழா மலருக்கு ஒரு கட்டுரை வரைந்து அனுப்புமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, எதைப்பற்றி எழுதுவது என்று நாம் சில நாள் மயங்கினோம். பழைய மாணவர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் விடுதிச் சோற்றையும், கிரிக்கெட் ஆட்டத்தையும், பிரம்பெடுத்த ஆசிரியரையும் பற்றியனவாக இருத்தல் வழக்கம். அவற்றை எம்மினும் சுவைபட எழுத வல்லார் பலர் உளர். ஆகவே, எம் மேசைமேல் இப்பொழுது இருக்கும் ஒரு பழைய திருவாசகப் புத்தகத்தைப்பற்றியும், அதன் கதையோடு பிணைந்துள்ள கண்டி மாநகரைப்பற்றியும் எழுதத் துணிந்தோம்.

நாம் இக்கல்லூரியில் மாணாக்கராய் இருந்த காலத்தில், காலை வணக்கத்தில் சிவபுராணம் ஓதாத நாள் இல்லை. பொருள் முழுவதும் விளங்கிற்று என்று சொல்ல மாட்டோம். நா தானாகவே ஓடிற்று. எமக்குச் சமய பாடம் கற்பித்த ஆசிரியப் பெருந்தகை ஒருவர் அடிக்கடி ஓர் அறிவுரை கூறுவார்: “பிறர் சமய நூலை இகழாதீர்கள், ஆயின் உங்கள் வீட்டு விளக்கை ஏற்றுமுன் அயல்வீட்டு விளக்கைப் பார்க்கப் புறப்படாதீர்கள்.” இவ்வுரையின் பிற்பகுதியை மட்டும் நாம் இறுகப் பற்றிக்கொண்டோம். முற்பகுதியைக் கற்பதற்குக் கண்டிக்குப் போகவேண்டியிருந்தது.

1960ஆம் ஆண்டு பேராதனைப் பல்கலைக்கழகத்திற் சேருவதற்காக நாம் யாழ்ப்பாணத்திலிருந்து இரவுப் புகைவண்டியில் ஏறியபோது, எம் தந்தையார் தம் திருவாசகத்தை எம் கையில் வைத்தார். முதலேட்டில் அவர் கையெழுத்து இருந்தது. “எங்கே போனாலும் இதை விட்டுவிடாதே, தம்பி” என்றார். பொல்காவலையில் வண்டி மாறி, மலையேறி, மகாவலியாற்றங்கரையை அடைந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளிற் கண்டிக்குச் சென்று கட்டுக்கலைப் பிள்ளையாரை வணங்கித் திரும்புவோம். தலதா மாளிகையின் முரசொலியும், பள்ளிவாசலின் பாங்கொலியும், தேவாலய மணியோசையும் ஒரே ஏரியின் மேலே வந்து கலக்கும் அந்நகரம் எமக்கு முதலில் அச்சத்தையே தந்தது.

விடுதியில் நாம் நால்வர் நண்பராயினோம். ஒருவர் மாத்தளையைச் சேர்ந்த சிங்கள பௌத்தர். ஒருவர் அக்குறணையைச் சேர்ந்த முஸ்லிம். மற்றொருவர் மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கர். இரவு வேளைகளில் தேநீர்க் கோப்பையுடன் சமயவாதம் நிகழும். வாதம் முற்றிச் சினமாக மாறுவதைக் கண்ட அக்குறணை நண்பர் ஒரு முறையை வகுத்தார். மாதம் ஒருவர் தம் சமயத்து ஞானநூல் ஒன்றைப் பிறருக்கு இரவல் தரவேண்டும். தாமாக அதற்கு விளக்கம் கூறலாகாது. கேட்டால் மட்டும் விடை சொல்லலாம். இம்முறையால் வாதம் அடங்கிப் படிப்புத் தொடங்கிற்று.

அக்குறணை நண்பர் முதலிற் கொணர்ந்தது குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் பாடல்கள். முஸ்லிம் ஞானியர் தமிழிற் பாடியுள்ளார் என்பதையே அதுவரை அறியாதிருந்த எமக்கு, அந்நூலைப் புரட்டியதும் வியப்புண்டாயிற்று. தாயுமான சுவாமிகளைப் போலவே அவரும் ‘பராபரக்கண்ணி’ என்னும் பெயரிற் பாடியுள்ளார். மனோன்மணியைத் தலைவியாக விளித்து உருகியுள்ளார். மஸ்தான் சாகிபு மறைந்தது 1838ஆம் ஆண்டு. அதே ஆண்டிற்றான் கண்டியில் அறிஞர் சித்திலெப்பை பிறந்தார் என்று நண்பர் பெருமையுடன் கூறினார். வழக்கறிஞராகிய சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியவர். 1885இல் ‘அஸன்பேயுடைய சரித்திரம்’ என்னும் நாவலைத் தந்தவர். இவை பலரும் அறிந்தவை. தம் வாழ்நாளின் இறுதியில், 1897இல், மெய்ஞ்ஞானப் பொருளை ஆராயும் ‘அஸ்றாறுல் ஆலம்’ என்னும் நூலையும் அவர் தமிழில் எழுதினார் என்பதை அறிந்தார் சிலரே.

அந்த 1897ஆம் ஆண்டு சனவரித் திங்களிற்றான் சுவாமி விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து கொழும்பில் வந்திறங்கி, கண்டிக்கும் மாத்தளைக்கும் ஊடாக யாழ்ப்பாணம் சென்றார். கண்டி மக்கள் அவரை வரவேற்று உபசரித்தனர். இதனை நாம் செருக்குடன் எடுத்துரைத்தபோது, மன்னார் நண்பர் புன்னகை செய்து தம் பங்கு நூலை நீட்டினார். அது தோமஸ் கெம்பிஸ் என்னும் துறவியார் எழுதியதாகக் கொள்ளப்படும் ‘கிறிஸ்துநாதர் அநுசாரம்’. “உங்கள் விவேகானந்தர் தாம் பரிவிராசகராய்த் திரிந்த நாளிற் கீதையோடு கையிற் கொண்டு திரிந்த நூல் இதுவே; சிறிது வங்கத்தில் மொழிபெயர்த்தும் இருக்கிறார்” என்றார். நாம் அதனை நம்பாது நூலகத்திற் சென்று பார்த்தோம். அவர் கூற்று முற்றும் உண்மையே. பின்னர் ஒரு ஞாயிறு அவர் எம்மை அம்பிட்டியாவுக்கு அழைத்துச் சென்றார். 1893 முதல் 1955 வரை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவாக விளங்கிய பாப்பரசர் குருமடம் இருந்த குன்று அது. தமிழகத்திலிருந்தும் எத்தனையோ இளைஞர் அங்கு வந்து கற்றுக் குருவானவர்களாயினர்.

மாத்தளை நண்பர் தந்தது நூல் என்று சொல்லவும் ஆகாத ஒரு சிற்றேடு. 1958ஆம் ஆண்டு முதல் நாளிற் கண்டியில் நிறுவப்பட்ட பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கத்தார் ‘த வீல்’ என்னும் வரிசையில் வெளியிட்ட ஆங்கிலச் சிறு நூல்களுள் ஒன்று அது. எழுதியவர் ஞானபோனிக தேரர். மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் நான்கு மனநிலைகளையும் அது விளக்குகின்றது. எல்லா உயிர்க்கும் நலம் விழைதல், துன்புறுவார்க்கு இரங்குதல், பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல், எதிலும் சமநிலை பிறழாதிருத்தல் என்பன அவை. பதஞ்சலியின் யோக சூத்திரத்திலும் இந்நான்கும் இதே பெயரோடும் இதே வரிசையோடும் உள்ளன. இதனைக் கண்டவுடன் எமக்குத் தலைகால் தெரியவில்லை.

எம் முறை வந்தபோது, தந்தையாரின் திருவாசகத்தை அக்குறணை நண்பருக்குத் தந்தோம். தமிழறியாத மாத்தளை நண்பருக்கு, போப்பையர் 1900ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பை நூலகத்தில் எடுத்துக் கொடுத்தோம்.

அக்காலத்தில் நாம் ஒரு பிழை செய்தோம். மாணவர் கூட்டம் ஒன்றில், எல்லாச் சமயங்களும் சொல்வது ஒன்றே என்று உரத்த குரலிற் சொற்பொழிவாற்றினோம். கைதட்டல் மிகுதியாகக் கிடைத்தது. விடுதிக்கு மீண்டபின் மாத்தளை நண்பர் மெல்லக் கேட்டார்: “எங்கள் நூல் நிலையான ஆன்மா இல்லை என்கிறதே, உலகைப் படைத்த ஒருவனையும் ஏற்கவில்லையே. உங்கள் சித்தாந்தமோ பதி, பசு, பாசம் என மூன்றையும் அநாதி என்கிறது. இரண்டும் எப்படி ஒன்றாகும்?” அக்குறணை நண்பரும் தம் இறைவனுக்கு இணை கற்பித்தல் தமக்கு ஒவ்வாது என்றார். மன்னார் நண்பரோ, இயேசு பெருமானைப் பல அவதாரங்களுள் ஒன்றாக எண்ணுதல் தம் நெஞ்சுக்கு நோவு தரும் என்றார். நாம் வெட்கித் தலைகுனிந்தோம். அந்நூல்களை நாம் படித்தது போதாது. ஒப்பான இடங்களை மட்டும் பொறுக்கியிருந்தோம். விருந்துக்குச் சென்றவன் அவ்வீட்டாரின் சமையலைத் தன் வீட்டுச் சமையலே என்று சொல்லிப் புகழ்வது போன்றது எம் செயல். முடிபுகள் வேறு வேறே. ஆயினும் அந்நூல்கள் தம்மைக் கற்பவனிடத்திற் கேட்கும் விலை பெரிதும் ஒன்றாயிருந்தது. வாயை அடக்கு, மனத்தைக் காவல்செய், அயலான் குற்றத்துக்கு முன் உன் குற்றத்தை எண்ணு என்பதே அது. அவ்விலையைக் கொடாமலே நாம் கைதட்டல் பெற்றிருந்தோம்.

1961ஆம் ஆண்டு விடுமுறையொன்றில் மாத்தளை நண்பர் எம்மை அலுவிகாரைக்கு அழைத்துச் சென்றார். வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த திரிபிடகம், பஞ்சத்தாலும் போராலும் அழிந்துவிடுமோ என்று அஞ்சி, கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில் ஏட்டில் எழுதப்பட்டது இவ்விடத்தில் என்பது மரபு. 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது ஆங்கிலப் படையினரால் இவ்விகாரையின் ஏட்டுச்சுவடிகள் அழிந்தன. “அப்படியாயின் உங்கள் மறைநூல் எப்படிப் பிழைத்தது?” என்று கேட்டோம். “படியெடுத்துப் பிறருக்குக் கொடுத்திருந்தோம், பர்மாவிலும் சீயத்திலும் இருந்தது” என்றார் நண்பர்.

அவ்விடை அன்று எமக்குச் சாதாரணமாகவே தோன்றிற்று. கண்டியின் வரலாறே அவ்விடைக்குச் சான்று என்பதைப் பின்னரே உணர்ந்தோம். பதினெட்டாம் நூற்றாண்டில் இலங்கையிற் பிக்குகளின் உபசம்பதை முறை அற்றுப்போயிருந்தது. மதுரை நாயக்கர் மரபினராகிய கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் கண்டியை ஆண்டபோது, சரணங்கரர் என்னும் துறவியாரின் முயற்சியால் 1753இற் சீயத்திலிருந்து உபாலி தேரர் முதலியோர் வந்து அதனை மீண்டும் நிலைநாட்டினர். சில நூற்றாண்டுகளுக்கு முன் இலங்கைத் துறவியர் மரபே சீயத்திற்குச் சென்றிருந்தது. இரவல் கொடுத்தது வட்டியோடு திரும்பிற்று என்று சொல்லலாம். அதனைத் திரும்பப் பெற்றுத் தந்த மன்னனோ சைவ வழக்கங்களுக்கிடையே வளர்ந்தவன்!

நம் தமிழிலும் இவ்வாறே. பௌத்த காவியமாகிய குண்டலகேசி, சில பாடல் தவிர, இறந்துபட்டது. மணிமேகலை பிழைத்தது. பௌத்தர் தமிழகத்தில் அருகிய பின்பும் பிற சமயத்தார் தம் ஏடுகளில் அதனைப் பேணினர், உ. வே. சாமிநாதையர் என்னும் சைவர் 1898இல் அதனை ஆராய்ந்து பதிப்பித்தார். பௌத்தராகிய புத்தமித்திரனார் இயற்றிய வீரசோழியத்தை 1881இல் அச்சேற்றியவர் நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். மறுபுறம், நம் தேவாரப் பதிகங்களோ தில்லையில் ஓர் அறையிற் பூட்டிவைக்கப்பட்டுப் பெரும்பகுதி செல்லரித்துப்போயின என்று திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. காவலிட்ட நூலைச் செல் அரித்தது. கைமாறிய நூல் உயிர் தரித்தது.

இனி எம் வாழ்விற் கசப்பான பகுதிக்கு வருவோம். பட்டம் பெற்றபின் நாம் கண்டியிலேயே ஆசிரியரானோம், இல்லறம் நடத்தினோம், நூல்கள் சேர்த்தோம். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்த செய்தி கேட்டு அழுதோம். 1983ஆம் ஆண்டு யூலையில் எம் வாடகை வீட்டின் வாயிலுக்கே ஒரு கூட்டம் வந்தது. அயலவர் மதிலேறி எம்மையும் மனைவி மக்களையும் தம் வீட்டிற் கொண்டுபோய் ஒளித்ததால் உயிர் பிழைத்தோம். வீடும் அலமாரியும் சாம்பலாயின. தந்தையார் சேர்த்துத் தந்த சாத்திர நூல்கள், மஸ்தான் சாகிபு, அநுசாரம், மாத்தளை நண்பர் தந்து நாம் திருப்பிக் கொடாத அந்தச் சிற்றேடு ஆகிய யாவும் ஒரே தீயில் வெந்தன.

யாழ்ப்பாணம் சென்று இரண்டாண்டு தங்கினோம். மாத்தளை நண்பர் கடிதம் எழுதினார். நாம் விடை எழுதவில்லை. மைத்திரி, கருணை என்னும் சொற்களைக் கண்டாலே எமக்கு எரிந்தது. அந்நூலை உடைய மக்களிடையே அத்தீ எழுந்ததென்றால் அந்நூலால் ஆய பயன் என்ன என்று கேட்டோம். கேள்வி நியாயமானதாகவே அன்று தோன்றிற்று. எம் நூலைக் கற்ற நாம் எம் நெஞ்சில் எதை வளர்க்கின்றோம் என்று மட்டும் கேட்கவில்லை.

1985இல் தொழில் நிமித்தம் மீண்டும் கண்டிக்கு வந்தோம். ஒரு வாரத்துள் அக்குறணை நண்பர் ஒரு பொதியோடு வந்தார். பழுப்புத்தாள் உறையிட்ட திருவாசகம்! “மச்சான், 1962இல் வாங்கினேன். திருப்பித் தர இருபத்துமூன்று ஆண்டு சென்றுவிட்டது, பிழை பொறுக்கவேண்டும்” என்றார். முதலேட்டில் தந்தையாரின் கையெழுத்து மங்காது இருந்தது. எம் அலமாரியிற் பத்திரமாய் இருந்தவை எல்லாம் போயின. திருப்பித் தராமல் வைத்திருக்கின்றாரே என்று நாம் உள்ளூரக் குறைப்பட்ட அந்த ஒரு நூலே எஞ்சிற்று.

அன்றிரவு அதனைத் திறந்தோம். சிவபுராணப் பக்கங்கள் புதியனபோல் இருந்தன. நீத்தல் விண்ணப்பப் பக்கங்களிலோ ஓரமெங்கும் மெல்லிய பென்சிற் கோடுகள்! இறைவன் தன்னைக் கைவிட்டுவிடாதிருக்க வேண்டும் என்று ஐம்பது பாடல்களில் மன்றாடும் பகுதி அது. சிறுவயது முதல் திருவாசகம் ஓதியும், அப்பகுதியை நாம் ஒருகாலும் நின்று படித்ததில்லை. எமக்கு வேண்டியிருந்த பக்கத்தை எம் சமயத்தார் அல்லாத ஒருவர் முன்னரே கோடிட்டு வைத்திருந்தார். சாம்பலைக் கண்டபோது வராத கண்ணீர் அப்போது வந்தது.

எனினும் மாத்தளை நண்பருக்கு எழுத எமக்கு மேலும் ஒன்பது ஆண்டு வேண்டியிருந்தது. 1994ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆந் தேதி ஞானபோனிக தேரர் கண்டி உடவத்தைக்காட்டிலுள்ள தம் ஆச்சிரமத்தில் மறைந்தார். அப்போதுதான் அவர் வரலாற்றை முழுமையாக அறிந்தோம். அவர் 1901இல் ஜெர்மனியில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தவர். 1936இல் இலங்கைக்கு வந்து துறவு பூண்டவர். தம் தாயாரை நாசிகளின் கொடுமையிலிருந்து தப்புவித்து இந்நாட்டிற்கு அழைத்தவர். இரண்டாம் உலகப் போரில் ஆங்கில அரசினர் அவரையும், ஜெர்மானியர் என்பதனால், பகைவராக எண்ணித் தியத்தலாவையிலும் பின் இந்தியாவில் டேராடூனிலும் முள்வேலிக்குள் அடைத்தனர். தம் இனத்தார் ஐரோப்பாவில் கொல்லப்பட்ட அவ்வாண்டுகளில், அம்முகாமில் இருந்துகொண்டே அவர் சுத்த நிபாதம் முதலிய நூல்களை ஜெர்மன் மொழியில் ஆக்கினார். தம் குடும்பத்தைத் துரத்திய நாட்டாரின் மொழியில்! அத்தகையவர் பின்னாளில் எழுதியதே அந்த மைத்திரிச் சிற்றேடு. அவரை நாடி, 1968ஆம் ஆண்டு இறுதியில், தோமஸ் மேர்ட்டன் என்னும் கத்தோலிக்கத் துறவியார் அமெரிக்காவிலிருந்து அக்காட்டுக்கு வந்ததும், சில நாளிற் பாங்கொக்கில் அவர் மறைந்ததும் அப்போதுதான் எமக்குத் தெரியவந்தன. தீயைக் கண்டவர் எழுதிய நூலைத் தீயைக் கண்டதனால் நாம் வெறுத்திருந்தோம்.

மறுநாளே மாத்தளைக்கு எழுதினோம்: “உம்முடைய நூல் எம் வீட்டில் எரிந்துவிட்டது. திருப்பித் தர இயலவில்லை.” மூன்றாம் நாள் அவரே வந்தார். தலை நரைத்திருந்தது. “அந்தக் கடன் உம்முடையதன்று” என்று மட்டும் சொல்லி, புதிய படி ஒன்றை மேசைமேல் வைத்தார். நெடுநேரம் இருவரும் பேசவில்லை.

பின்னர் வெட்கம் முறைமுறையாக எல்லார் வாயிலிலும் வந்து நின்றது. 1998ஆம் ஆண்டு சனவரி 25ஆந் தேதி தமிழ்ப் போராளிகள் தலதா மாளிகை வாயிலில் வெடிகுண்டு லொறியை வெடிக்கச் செய்தபோது, நாம் அவரிடம் சென்று சொல்லற்று நின்றோம். 2018ஆம் ஆண்டு மார்ச்சில் திகனையிலும் அயலூர்களிலும் முஸ்லிம்களின் கடைகளும் இல்லங்களும் எரிந்தபோது, அக்குறணை நண்பரின் நூற்பெட்டி இரண்டு திங்கள் எம் கட்டிலின் கீழ் இருந்தது. அவர் கேட்கவில்லை, நாமே சென்று வாங்கி வந்தோம். மன்னார் நண்பர் இன்று இல்லை. அவர் தந்த அநுசாரத்தின் வேறொரு படி எம்மிடம் உண்டு.

இளமாணாக்கரே, நம் சமய நூல்களைக் கசடறக் கற்றுக்கொள்ளுங்கள். எம் ஆசிரியர் சொன்னவாறே முதலில் வீட்டு விளக்கை ஏற்றுங்கள். பிறகு அயலார் நூலையும் வாங்கிப் படியுங்கள். அது வேறுபடும் இடத்தில் வேறுபாட்டை ஒப்புக்கொள்ளுங்கள். எல்லாவற்றினும் முக்கியமாக, உங்கள் நூலை அவருக்குக் கொடுங்கள். அது எங்கே பத்திரமாய் இருக்கும் என்பதை நாம் முன்கூட்டி அறிய வல்லோம் அல்லோம்.

இக்கட்டுரையோடு தந்தையாரின் திருவாசகத்தையும் கல்லூரி நூலகத்திற்கு அனுப்புகின்றோம். பென்சிற் கோடுகளை அழிக்க வேண்டா. நூலகர் அவர்களுக்கு எம் பணிவான வேண்டுகோள் ஒன்று: பழைய நூல் என்று எண்ணிக் கண்ணாடி அலமாரியிற் பூட்டிவிடாதீர்கள். கேட்பவர் யாராயினும் இரவல் கொடுங்கள். திருப்பித் தரச் சற்றுத் தாமதித்தாலும் பொறுத்தருளுங்கள்.